கடைசி ரீலும் சுபம் அண்ணனும்

“…காட்டுகேன் மொதலாளி, கடைசி ரீலையும் காட்டுகேன். ஒரு அடி கொறைக்க மாட்டேன். ஆனா அது கழிஞ்ச ஒடனே லைட்டப் போடுன்னு ஒருத்தரும் மாடி ஏறி வரப்பிடாது. படம் எப்பம் தீருதுன்னு நான் சொல்லுவேன். மனசிலாச்சா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு முன்னால், டாக்கீஸ் வாசலில், முதலாளியின் முகத்துக்கு நேரே நின்று இப்படிச் சொன்னவர் அந்த டாக்கீஸின் ஆப்பரேட்டர். தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டில் அப்போது இருந்த ஒரே கொட்டகை அது. ஆப்பரேட்டருக்கு ஊரில் பெயர் சுபம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அவர் கல்யாணத்துக்கு மாதா கோவிலில் மூன்று வாரம் அறிவிப்பு ஓலை வாசித்தும், மாப்பிள்ளை யார் என்று ஊருக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது வாரம் சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அதுதான், நம்ம சுபம்” என்று சேர்த்துச் சொன்ன பிறகே கோவில் மூச்சு விட்டது.

சாவைத் தடுத்து நிறுத்திய மனிதன் என்று இந்த உலகத்தில் யாராவது உண்டென்றால், அது சுபம் அண்ணன் ஒருவர்தான். டாக்டர்களெல்லாம் பிறகு. பதினெட்டு வருடம் அவர் படம் ஓட்டினார். அந்தப் பதினெட்டு வருடத்தில் எங்கள் திரையில் ஒரு கதாநாயகனும் செத்தவனாக வீடு போனதில்லை.

வழி ரொம்பச் சின்னது. இடைவேளையில் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் காட்டுகிற சிலைடு மெஷின் ஒன்று அவர் அறையில் இருந்தது. ஒரு கண்ணாடித் துண்டில் சிவப்பு மையால் ‘சுபம்’ என்று எழுதி, இரண்டு பக்கமும் தாமரை வரைந்து வைத்திருந்தார். தாமரை என்று அவர்தான் சொல்வார். எங்களுக்கு அது சுறா வாயைத் திறந்த மாதிரி இருக்கும். படம் எதுவாகவும் இருக்கட்டும், காதலர்கள் ரயிலில் விழட்டும், வீடு பற்றி எரியட்டும், முடிந்த நிமிடம் திரையில் அந்த இரண்டு சுறாவுக்கு நடுவே ‘சுபம்’ வந்து நிற்கும்.

ஒரு பேய்ப்படம் வந்தது. பன்னிரண்டு பேர் செத்து, கடைசியில் பேய் மட்டும் ஊஞ்சலில் ஆடிக்கொண்டு சிரிக்கிறது. உடனே ‘சுபம்’.

கீழேயிருந்து ஒருத்தன் எழுந்து கத்தினான். “யாருக்குண்ணே சுபம்?”

மாடி ஜன்னலிலிருந்து பதில் வந்தது. “பேய்க்கு. அதுவும் ஒரு பொம்பளைக்குப் பொறந்த மோளுதானல. சமாதானமாப் போவட்டும்.”

சிலைடோடு நின்றிருந்தால் வம்பில்லை. நாள் ஆக ஆக அவருக்குத் தைரியம் கூடியது. காதலில் தோற்றவன் விஷத்தை டம்ளரில் ஊற்றி வாயருகே கொண்டுபோகிறான். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி ‘சுபம்’ போட்டுவிட்டார். கொட்டகையில் ஒரே கூச்சல். “ஏலே, குடிச்சானா குடிக்கலியா?”

சுபம் அண்ணன் தலையை வெளியே நீட்டினார். “கீழ ஊத்திட்டான். எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னுங்க.”

சனமும் போய்த் தின்றது. அதுதான் விசேஷம். காலையில் மீன் ஏலம் முடித்து, வலை கழுவி, மத்தியானம் மூன்று மணி நேரம் காற்றாடிக்குக் கீழே உட்கார வருகிறவர்கள். ஒரு ஆள் சாகாமல் போனதற்காக அவர்கள் சண்டைக்கா வருவார்கள்?

அவருக்கு இந்த எண்ணம் எப்போது விழுந்தது என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு வேண்டிவரும். ஓடி முடிந்த ரீலின் வால் வெளியே இருக்கும். அதைக் கையால் சுற்றும் மெஷினில் போட்டுத் திருப்பிச் சுற்றி, தலை வெளியே வரும்படி வைத்தால்தான் அடுத்த ஆட்டத்துக்கு ஆகும். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு சோகப் படத்தின் சாவு வீட்டு ரீலைச் சுற்ற மறந்து, வால் முன்னால் வரும்படி மாட்டிவிட்டார். திரையில் எல்லாம் தலைகீழ். வானம் கீழே, பூமி மேலே. போதாததற்குக் காலமும் பின்னால் ஓடியது. சுடுகாட்டிலிருந்து பாடையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அழுதவள் கண்ணீர் கன்னத்திலிருந்து கண்ணுக்குள் ஏறியது. செத்தவன் எழுந்து உட்கார்ந்து, துப்பிய மருந்தை ஸ்பூனுக்கே திருப்பிக் கொடுத்தான். பேச்சு ஒன்றும் கேட்கவில்லை, ‘கர்ர்’ என்று ஒரே இரைச்சல்.

ஆண்கள் பக்கம் செருப்பு பறந்தது. ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரம்மா சத்தமாகச் சொன்னாள். “கொள்ளாமே! அவன எழுப்பிட்டானே!”

அந்த ஒரு சொல்லைச் சுபம் அண்ணன் பதினெட்டு வருடம் நெஞ்சில் வைத்திருந்தார்.

இனி ‘கவசம்’ கதைக்கு வருகிறேன். வெளிநாட்டுப் படம்; தமிழில் பேசி வரும். நீல இரும்புச் சட்டைக்குள் நெருப்பை அடைத்து வைத்திருக்கும் ஒரு வீரன். பெயரும் கவசம்தான். வருடத்துக்கு ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு ஒன்று என்று ஏழு பாகம் வந்தது. முதல் பாகம் பார்க்கும்போது எனக்கு மீசை அரும்பு; ஏழாம் பாகத்துக்கு என் மூத்த பிள்ளை மடியில் இருந்தான். நான் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் பழுது பார்க்கிறவன். என் பட்டறையில்தான் ‘கவசம் ரசிகர் மன்றம்’ கூடும். தலைவர் ஜெரால்டு, ஐஸ் பிளாண்டில் வேலை. நான் செயலாளர். கவசத்துக்கு பிளக்ஸ் வைத்து, பாலும் ஊற்றியிருக்கிறோம். பிறந்த நாள் தெரியாததால் தோராயமாக ஒரு நாளில் கேக் வெட்டினோம்.

ஏழாம் பாகம் கடைசிப் பாகம் என்று போஸ்டரிலேயே போட்டிருந்தது. எங்கள் டாக்கீஸில் வில்லன் ஒழிந்தான், கவசம் கடற்கரையில் தன் பெண்ணோடும் நாய்க்குட்டியோடும் வந்து நின்றான், சூரியன் மின்னியது, ‘சுபம்’. விசிலில் காது அடைத்தது. ‘வெற்றித் திருமகனே, எட்டாம் பாகத்துக்குக் காத்திருக்கிறோம்’ என்று மறுநாளே பிளக்ஸ் வைத்தோம்.

வம்பு சிதறால் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் தொடங்கியது. ஜெரால்டுக்கு எதிரில் மார்த்தாண்டத்திலிருந்து வந்த பைஜு என்பவன் உட்கார்ந்திருந்தான். அவனும் கவசம் ரசிகன். ஜெரால்டு போட்டிருந்த நீலப் பனியனைப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டான்.

“என்ன மக்கா, ஒரு நாளுலயே மனசு ஆறிட்டா? பிளக்ஸெல்லாம் வச்சியளாமே?”

“எதுக்கு ஆறணும்?”

“கவசம் செத்துப் போனானேடே.”

ஜெரால்டு சோற்றுக் கையை உதறினான். “எவன் சொன்னான்? நான் கண்ணால பாத்தேன். கரையில நிக்கான்.”

“நிப்பான். அது கழிஞ்சு கடலுக்குள்ள எறங்கிப் போறான்லா? திரும்பி வரலியே. நான் ரெண்டு தடவ பாத்தேன், ரெண்டு தடவயும் செத்தான்.”

“நாங்க பதினோரு தடவ பாத்தோம், ஒரு தடவகூட சாவல. பதினொண்ணு பெருசா, ரெண்டு பெருசா?”

இலைக்கு இலை ஆள் சேர்ந்தது. பிரதமன் பாயச வாளியோடு வந்தவர் நடுவில் நின்று தீர்ப்புக்குக் காத்திருந்தார். பெண் வீட்டார் சொத்துத் தகராறு என்று நினைத்து, யாரோ செத்துவிட்டான் என்பதைக் கேட்டதும் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் பைஜு செல்போனை எடுத்து, கொட்டகையில் திருட்டுத்தனமாக எடுத்த அரை நிமிடப் படத்தைக் காட்டினான். கறுப்பும் நீலமுமாக ஏதோ கலங்கியது. ஆனாலும் தெரிந்தது. கவசம் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தான்.

ஜெரால்டு பிரதமன் குடிக்காமல் எழுந்துவிட்டான். எங்கள் பக்கத்தில் பிரதமன் குடிக்காமல் ஒருவன் எழுந்தால் காரியம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளலாம்.

அங்கிருந்து நேரே டாக்கீஸுக்கு வந்தோம். சுபம் அண்ணன் ஆப்பரேட்டர் அறையில் வட்டமான ஒரு தகர டப்பாவின் மேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து, மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, ஏழாம் பாகத்துக்கக் கடைசி ரீலு எங்க?” என்றான் ஜெரால்டு.

“கடைசி ரீலா? ஓட்டினேனே.”

“அதுக்கும் பெறகு ஒண்ணு உண்டுமாம்.”

அவர் கிழங்கை மென்று விழுங்கும்வரை பொறுத்தோம். பிறகு உட்கார்ந்த இடத்தை ஒரு தட்டுத் தட்டினார். “இன்னா இருக்கு. சாவு மேல நான் குத்த வச்சிருக்கேன். எந்திரிக்க மாட்டேன்.”

அன்று முதல் என் பட்டறையில் எஞ்சின் சத்தம் நின்று வாய்ச்சத்தம் தொடங்கியது. மன்றம் இரண்டாகப் பிளந்தது. ‘பார்க்க வேண்டாம்’ கட்சி ஒன்று. ஏழு பாகம் நம்மை மகிழ்வித்தவனைத் தண்ணீரில் தள்ள எவனுக்கு அதிகாரம், வெளிநாட்டுக்காரன் எடுத்தால் எடுத்துக்கொண்டு போகட்டும், நம்ம ஊரில் அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று அது வாதாடியது. ‘பார்க்கணும்’ கட்சிக்கு ஜெரால்டு. துபாயில் இருக்கும் அவன் மச்சான் போன் போட்டு அழுதானாம். உலகம் பூராவும் அழுதுகொண்டிருக்க, நாம் மட்டும் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அவனுக்கு மனசு தாங்காத வெப்ராளம்.

ஒருநாள் சுபம் அண்ணனே பட்டறைக்கு வந்தார். எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து, சாயாவை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

“மத்தவன்மாரு வெடி கொண்டு செத்தான், வெசம் குடிச்சுச் செத்தான், அதெல்லாம் சரி. இவன் கடலுக்குலா போறான். உடம்பு வந்துதா? வரல. பின்ன எப்பிடிச் செத்தான்னு சொல்லுக? எங்க சூசையண்ணேன் கத ஓர்மை இருக்கா?”

யாருக்கு இல்லை? சூசை அவருடைய கூடப்பிறந்த அண்ணன். டாக்கீஸ் கேட்டில் டிக்கெட் கிழிப்பவர். முன்பு கடலுக்குப் போனவர். அவர் போன வள்ளம் பதிமூன்று நாள் வரவில்லை. தேடப் போன வள்ளமெல்லாம் வெறுங்கையோடு திரும்பியது. கறுப்புக் கொடி கட்டி, கோவிலில் பூசை வைத்து, வீட்டில் படத்துக்கு மாலையும் போட்டாயிற்று. பதினாலாம் நாள் கொச்சியிலிருந்து வந்த ஒரு மீன் லாரியிலிருந்து சூசை இறங்குகிறார், கையில் நேந்திரங்குலையோடு. யாரோ வேற்றூர் போட்காரர்கள் தூக்கிவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்தவர் மாலை போட்ட படத்தைப் பார்த்து, “கொள்ளாமே, இது எப்பம் எடுத்தது?” என்றாராம். அந்தப் பதிமூன்று நாளில் தம்பிக்காரர் கடலைப் பார்த்து நின்று நின்று, பிறகு வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பவராகிவிட்டார். அதனால்தான் ஆப்பரேட்டர் வேலைக்கு வந்தார். அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு வேலை கிடையாது.

ஜெரால்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கேன், கோவப்படப்பிடாது. சூசையண்ணேன் வராத அந்தப் பதிமூணு நாளும் நீங்க அழுதியளா இல்லியா?”

“அழாம பின்ன?”

“அழாதல, அவன் வருவான்னு ஒரு அறையில போட்டுப் பூட்டியிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பியளா? ஏழு பாகம் எங்கள வளத்தவன். அவன் போறத ஒரு தடவ நாங்க பாத்து அழுதுக்கிடுகோம். எங்களுக்கு உள்ள அழுக நீங்க எதுக்குண்ணே அழுகிய?”

சுபம் அண்ணன் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். 

அதே வாரம் விஷயம் விநியோகஸ்தர் காதுக்கும் போனது. படம் பெட்டியோடு வரும்போது கூடவே வரும் அவர்களுடைய ஆளை ரெப் என்போம். எங்கள் ரெப் இடைவேளையில் தலை எண்ணிவிட்டு பரோட்டாவுக்குப் போகிறவர். படத்தின் முடிவை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. அவருக்கு மேலேயிருந்து வசவு வந்தது. அவர் முதலாளியைப் பிடித்தார். முதலாளி சுபம் அண்ணனைப் பிடித்தார். ஞாயிறு மேட்னிக்குக் கடைசி ரீல் முழுதாக ஓட வேண்டும், ரெப் உட்கார்ந்து பார்ப்பார், இல்லையென்றால் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான், குளச்சலிலிருந்து வேறு ஆளைச் சொல்லி வைத்தாயிற்று என்றார். அந்த ஞாயிறு வாசலில் நின்று சுபம் அண்ணன் அதற்குச் சொன்ன பதில்தான் முதலில் நான் எழுதிய பேச்சு. சொல்லும்போது அவர் இடுப்புச் சாவியை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

கொட்டகை நிரம்பியது. பைஜு தன் ஆட்களோடு ஒரு வேன் பிடித்து வந்திருந்தான். முதலாளியும் ரெப்பும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு சூசை அண்ணனும் டார்ச்சோடு ஓரத்தில் நின்றார்.

வில்லன் ஒழிந்தான். கவசம் கடற்கரைக்கு வந்தான். பெண், நாய்க்குட்டி, சூரியன். வழக்கமாகச் சுறா வருகிற இடம். வரவில்லை. கடைசி ரீல் ஓடியது.

சட்டைக்குள் இருக்கும் நெருப்பு அணையவில்லை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. கரையில் நின்றால் ஊர் எரியும். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் நாய்க்குட்டியோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது பூட்ஸைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலில் இறங்கினான். முழங்கால், இடுப்பு, கழுத்து. தண்ணீர் கொதித்து ஆவி எழுந்தது. அடியில் ஒரு நீல வெளிச்சம். அது சிறுத்து, புள்ளியாகி, இல்லாமல் போனது. பூட்ஸ் பக்கத்தில் நாய்க்குட்டி வந்து உட்கார்ந்தது. கறுப்பு.

 கடலுக்கு ஆள் அனுப்பாத வீடு அந்தக் கொட்டகையில் பாதிகூட இருக்காது. பெண்கள் பக்கத்தில் யாரோ “கர்த்தாவே” என்றார்கள். ஜெரால்டு என் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கினான். மூன்றாம் தடவை பார்க்கிற பைஜுவும் அழுதுகொண்டு, தன் கைக்குட்டையை எங்களுக்கு நீட்டினான். ஜெரால்டு அதை வாங்கி மூக்கைச் சிந்தி, “நீ சொன்னது சரிதாம்ல மக்கா” என்றான். ரெப் எழுந்து, திருப்தியாகப் பேனாவை மூடினார்.

ஆப்பரேட்டர் அறைச் சாவி கடைசிவரை சுபம் அண்ணன் இடுப்பில்தான் இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுபம் அண்ணனைப் பற்றி எழுதும்போது வாசிக்கிறவர்களைப் பயத்தில் உட்கார வைத்தால் அவருக்குப் பிடிக்காது.

விளக்கு வரவில்லை. இருட்டில் எல்லாரும் மாடி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். எஞ்சின்காரன் காது எனக்கு. ரீலைத் திருப்பிச் சுற்றும் அந்த மெஷினுக்கு எண்ணெய் போட்டே பழக்கமில்லை. சுற்றினால் ‘கிறீச் கிறீச்’ என்று கடைசி பெஞ்சு வரை கேட்கும். அன்று ஓடின ரீலைக் கழற்றும் சத்தம் கேட்டது. அதையே திரும்ப மாட்டும் சத்தம் கேட்டது. ‘கிறீச்’ மட்டும் கேட்கவில்லை.

திரையில் வெளிச்சம் விழுந்தது. வானம் கீழே, கடல் மேலே. உச்சியில் மணல், அதில் ஒரு ஜோடி பூட்ஸ் தொங்கியது, பக்கத்தில் நாய்க்குட்டி தொங்கியது. ‘கர்ர்’ என்று இரைச்சல்.

“லேய், தலகீழால போட்டிருக்கான்!” என்று ஒருத்தன் எழுந்தான்.

“சும்மா இருல” என்றான் ஜெரால்டு. “பாரு.”

பரந்திருந்த ஆவியெல்லாம் சுருங்கித் தண்ணீருக்குள் போனது. கறுத்துக் கிடந்த கடலுக்குள் ஒரு நீலப் புள்ளி. அது பெரிதானது. தலை தெரிந்தது, கழுத்து தெரிந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே கவசம் ஒவ்வோர் எட்டாகப் பின்னால் வைத்துக் கடலைவிட்டு ஏறிக்கொண்டிருந்தான். பெஞ்சுக்காரர்கள் மல்லாந்து படுத்துத் தலையைத் தொங்கவிட்டார்கள். ரெப் கழுத்தைச் சாய்த்த சாய்ப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. முதலாளிக்குக் கழுத்துப் பிடிப்பு உண்டு. அவர் எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி, குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாறான்! வாறாம்ல!” சூசை அண்ணன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு கத்தினார். “நானும் இப்பிடித்தாம்ல வந்தேன்!”

“நீ லாரியில லா வந்தே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. கரையில் நின்று கரைமடி வலை இழுக்கும்போது ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்தவர்களெல்லாம் சேர்ந்து ஒரு சத்தம் போடுவார்களே, அந்தச் சத்தம் கொட்டகையில் எழுந்தது. படத்தில் குரல் இல்லாத குறை தீர்ந்தது. அவன் ஓர் எட்டு வைக்க, நாங்கள் ஓர் இழுப்பு இழுத்தோம். மார்த்தாண்டத்துக்காரர்களும் இழுத்தார்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால். பூட்ஸுக்குள் கால் போய்ச் சேர்ந்தது. பெண்ணும் நாய்க்குட்டியும் அவனுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

நான் தலையைத் தொங்கவிட்டபடியே மாடி ஜன்னலைப் பார்த்தேன். சின்னச் சதுரத்துக்குள் சுபம் அண்ணன் முகம் தெரிந்தது. படத்தை அவர் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவசம் கரையில் நின்றதும் ரீலை நிறுத்தி, அந்தச் சிவப்பு மைச் சிலைடைப் போட்டார். தொங்கின தலையை நாங்கள் நிமிர்த்திச் சிரமப்பட வேண்டாம் என்று, ‘சுபம்’ என்பதையும் தலைகீழாகவே போட்டார்.